மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் புதுசா குடி வந்தவங்களுக்கு: எங்க போறது, எப்ப போறது, எங்க சாப்பிடுறது

நாங்க மாத்தலாகி மண்டபத்துக்கு வந்து ரெண்டு வருஷம் முடிஞ்சுபோச்சு. வந்த புதுசுல சாமான் அடுக்கிக்கூட முடிக்கல, அதுக்குள்ள ஊர்ல இருந்து போன் மேல போன், "ராமேஸ்வரம் பக்கத்துலயே போயிட்டீங்களாமே, இந்த சனி ஞாயிறு வர்றோம்"னு. நமக்கே ஊர் தெரியாது, வர்றவங்களுக்கு என்னத்த காட்டுறது? முதல் மூணு மாசம் காசும் போச்சு, நேரமும் போச்சு. அதுல ஒரு நாள மட்டும் இன்னும் மறக்க முடியல. என் மாமியார் காசிக்குப் போறதுக்கு முன்னாடி தனுஷ்கோடி கரையில சேது மண் எடுக்கணும்னு ஒரு சின்ன பித்தளச் சொம்ப துணியில சுத்தி பையில வச்சு எடுத்துட்டு வந்தாங்க. நான் அரியமான், கோயில், கடைத்தெருன்னு எல்லாத்தையும் சுத்திக் காட்டிட்டு கடைசியா தனுஷ்கோடிக்கு கார விட்டேன். செக்போஸ்ட்டுக்கு போய்ச் சேரும்போது அஞ்சே கால். "நேரம் முடிஞ்சிருச்சு சார், நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. மறுநாள் அவங்களுக்கு காலைலயே ட்ரெயின். சொம்பு காலியாவே ஊருக்குப் போச்சு.

உங்க வீட்டுல அப்படி நடக்கக் கூடாதுன்னுதான் இத எழுதுறேன். வரலாறு புராணம் எல்லாம் வேற இடத்துல படிச்சுக்கலாம், இங்க நேரம், காசு, பேப்பர், சாப்பாடு மட்டும்தான்.

1. முதல்ல ரெண்டு கடல் இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க

இது தெரியாம இங்க எந்த பிளானும் போடாதீங்க. மண்டபத்துல இருந்து ராமேஸ்வரம் தீவு முழுக்க வடக்க ஒரு கடல், தெக்க ஒரு கடல். வடக்க இருக்கறது பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்காரங்க அமைதியா இருக்குற வடக்குப் பக்கத்த பெண் கடல்னும், அலை அடிக்கிற தெக்குப் பக்கத்த ஆண் கடல்னும் சொல்லுவாங்க. தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனைக்குப் போறப்ப உங்களுக்கு இடது கைப்பக்கம் பெண் கடல், வலது கைப்பக்கம் ஆண் கடல்.

ஆனா வருஷம் பூரா இதே மாதிரி இருக்காது, காத்து மாறினா கடலும் மாறும். ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தெக்க இருந்து காத்து அடிக்கும், அப்ப தெக்கு கடல் கொந்தளிப்பா இருக்கும், வடக்கு கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகைல வாடைக்காத்து திரும்பிச்சுன்னா இது அப்படியே தலைகீழ். அதனால கோடை லீவுல பிள்ளைங்கள தண்ணியில விளையாட விடணும்னா உச்சிப்புளி பக்கத்துல இருக்குற அரியமான் பீச், இல்லன்னா பிரப்பன்வலசை. மார்கழில அதே அரியமானுக்கு போனீங்கன்னா கலங்கின தண்ணியும் கரை பூரா ஒதுங்கிக் கிடக்குற கடல் தாழையும்தான் (கடல் புல்லு) இருக்கும். நாங்க டிசம்பர்ல போய் அந்த நாத்தத்துக்கு மூக்கப் பொத்திட்டு பத்து நிமிஷத்துல திரும்பி வந்தோம். அப்போ தெக்குப் பக்கம், பாம்பன் குந்துகால் பக்கம் போயிருந்தா அருமையா இருந்திருக்கும், யாரும் சொல்லல.

இன்னொண்ணு, தண்ணி அமைதியா இருக்கேன்னு நம்பி இறங்கிராதீங்க, சொறி மீன் (ஜெல்லி மீன்) வர்ற நாளும் உண்டு. கரையில வலை பிரிச்சுட்டு இருக்குற அண்ணன் யாராவது இருப்பாரு, "அண்ணே, இன்னைக்கு சொறி இருக்கா?"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு இறங்குங்க, அவருக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாது.

2. கையில இருக்க வேண்டிய பேப்பர்

பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா இல்லன்னா அலைய வேண்டி வரும். வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரிஜினல் ஆதார், கூடவே ரெண்டு ஜெராக்ஸ். லாட்ஜ்ல ரூம் போட பெரியவங்க எல்லாருக்கும் கேப்பாங்க, வனத்துறை படகுல ஏறவும் பேர் எழுதுவாங்க. சொந்த வண்டின்னா ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ். இது இலங்கைய பாத்த கடற்கரை, போலீஸ், கடலோரக் காவல் சோதனை எப்ப வேணா இருக்கும், அவங்க கேட்டா காட்டிட்டு போயிட்டே இருக்கலாம். ட்ரோன் கேமரா வச்சிருக்குற தம்பிங்க அத வீட்டுலயே வச்சுட்டு வரச் சொல்லுங்க, அனுமதி இல்லாம பறக்கவிட்டா விசாரணைன்னு உக்கார வச்சுருவாங்க.

சில்லறையும் வேணும். தனுஷ்கோடி பக்கம் சிக்னல் வரும் போகும், ஸ்கேன் பண்ணி காசு அனுப்ப முடியாம நிப்பீங்க. சில சமயம் போன் இலங்கை டவர புடிச்சுக்கும், அதனால ரோமிங்க ஆஃப் பண்ணி வச்சுக்கோங்க.

3. தனுஷ்கோடி: காலைல போங்க

காலை ஆறு மணியில இருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் உள்ள விடுவாங்க, போனவங்களும் இருட்டுறதுக்குள்ள வெளிய வந்துரணும். அஞ்சு மணி வரைக்கும்னு சொல்றாங்களேன்னு நாலரைக்கு கிளம்பாதீங்க. ராமேஸ்வரத்துல இருந்து அரிச்சல்முனை கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், லீவு நாள்ல கடைசி ரெண்டு கிலோமீட்டர் வண்டி ஊர்ந்துதான் போகும்.

எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் இப்ப நான் பண்றது இதுதான்: அஞ்சு மணிக்கு எழுப்பி, ஃபிளாஸ்க்ல காபி ஊத்தி எடுத்துட்டு, ஆறரைக்கெல்லாம் முனையில நிக்கிற மாதிரி கிளம்பிருவோம். அந்த நேரத்துல கூட்டம் கிடையாது, மணல் சுடாது, ரெண்டு பக்கமும் ரெண்டு கலர்ல தண்ணி தெளிவா தெரியும். குளிர்காலம்னா வழியில தேங்கின தண்ணியில பூநாரை கூட்டமா நிக்கும், 2025 ஜூன்ல அந்தப் பகுதிய பூநாரை சரணாலயமா அறிவிச்சிருக்காங்க, கிட்ட போய் விரட்டாம ரோட்டுல நின்னே பாருங்க. திரும்பி வரும்போது பழைய சர்ச், ஸ்டேஷன் இடிபாடு, அப்புறம் கோதண்டராமர் கோயில். ஒன்பதரைக்கெல்லாம் ஊருக்குள்ள வந்துரலாம்.

கவனமா இருக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, முனையில குளிக்கவே கூடாது. ரெண்டு கடல் சேர்ற இடம், அடியில இழுவை இருக்கு, போர்டும் வச்சிருக்காங்க. முட்டிவரைக்கும்தானேன்னு இறங்கி உயிர் போயிருக்கு. இன்னொண்ணு, நிழல் கிடையாது. பெரியவங்களுக்கு குடை, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, டாய்லெட் வேலையும் ஊர்லயே முடிச்சுருங்க. வண்டி இல்லாதவங்களுக்கு ராமேஸ்வரத்துல இருந்து டவுன் பஸ் போகுது, கட்டணம் ரொம்ப கம்மி. ஆட்டோன்னா போக வர, காத்திருக்க எல்லாம் சேத்து ஒரே தொகையா பேசிட்டு ஏறுங்க. "அங்க போய்ப் பாத்துக்கலாம்மா"ன்னு யார் சொன்னாலும் ஏறாதீங்க.

மாமியார மறுவருஷம் திரும்ப கூட்டிட்டு வந்தோம், அதே சொம்பு. காலைல ஏழு மணிக்கு கரையில உக்காந்து மூணு பிடி மண்ண எடுத்து, ஈரம் போக முந்தானையில பரப்பி வச்சு, அப்புறம்தான் சொம்புல போட்டாங்க.

4. கோயில்: தீர்த்தம் ஆடுறதுக்கு முன்னாடி

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயில் மத்தியானம் ஒரு மணிக்கு சாத்துனா மூணு மணிக்குத்தான் திறப்பாங்க. வெளியூர்க்காரங்க பதினொன்றைக்கு வந்து கியூல நின்னு, உள்ள போறதுக்குள்ள மணி ஒண்ணாயிரும். விடியக்காலைல அஞ்சு மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அதுக்கு வர முடிஞ்சா எல்லாமே சுலபம்.

முறை என்னன்னா, முதல்ல அக்னி தீர்த்தம்னு சொல்ற கடல்ல முங்கிட்டு, ஈரத்தோடயே உள்ள போய் 22 தீர்த்தம் ஆடணும். தீர்த்தத்துக்கு தனி வாசல், தனி கியூ, கோயில் சீட்டு ஆளுக்கு 25 ரூபாய்தான். கிணத்து மேட்டுல ஆள் நின்னு கயித்துல வாளிய விட்டு இழுத்து தலையில ஊத்துவாங்க. கூட்டமா போனா சிதறல்தான் விழும், ஒரு ஓரமா ஒதுங்கி, வாளி மேல வர்ற நேரம் பாத்து பக்கத்துல போய் நின்னா முழுசா கிடைக்கும். வெளியில சில பேர் "தனி வாளி, கியூ இல்ல"ன்னு குடும்பத்துக்கு ரெண்டாயிரம், மூவாயிரம்னு கேப்பாங்க. எங்க சித்தப்பா அப்படி கொடுத்துட்டு, உள்ள போய் எல்லாரோடயும் அதே கியூலதான் நின்னாரு. சீட்டு எடுத்து நீங்களே போங்க.

ஈரத்துணியோட சாமி சன்னதிக்கு விடமாட்டாங்க. அதனால மாத்துத் துணி கட்டாயம், பெண்களுக்கு உடை மாத்துற இடத்துல எப்பவும் கூட்டம், சீக்கிரம் மாத்தக்கூடிய துணியா எடுத்துக்கோங்க. தரை முழுக்க ஈரம், வழுக்கும், வயசானவங்க கைய விடாதீங்க. போன் உள்ள கொண்டுபோகக் கூடாது, ரூம்லயே வச்சுட்டு வந்துருங்க.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, இந்த மூணு நாளும் தர்ப்பணம் கொடுக்குற வேலை இருந்தா மட்டும் வாங்க. சும்மா பாக்க வர்றவங்கன்னா அந்த வாரத்தையே விட்டுருங்க, ரூம் வாடகை எல்லாம் எங்கயோ போயிரும், பாம்பன் பாலத்துல இருந்தே வண்டி வரிசை கட்டி நிக்கும்.

5. பாம்பன் பாலம்

ரோட்டுப் பாலத்துல வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுக்காதீங்க, போலீஸ் பிடிப்பாங்க, அதவிட பின்னாடி பஸ் வரும். பாலத்த நல்லா பாக்கணும்னா நான் சொல்றத கேளுங்க, மண்டபம் ஸ்டேஷன்ல ராமேஸ்வரம் போற ரயில்ல ஏறிருங்க. டிக்கெட்டுக்கு பெருசா ஒண்ணும் செலவாகாது. 2025 ஏப்ரல் 6 ஆம் தேதி திறந்த புது ரயில் பாலம், நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேரா மேல தூக்கும் கப்பல் போறதுக்கு. ரெண்டு கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கமும் தண்ணி மட்டும்தான், பிள்ளைங்க ஜன்னல விட்டு நகராதுங்க. ராமேஸ்வரத்துல இறங்கி பஸ் பிடிச்சு திரும்பி வந்தா அரை நாள் அழகா போயிரும். வர்ற வழியில பேய்க்கரும்புல இறங்கி கலாம் நினைவிடம் பாத்துடலாம், கட்டணம் கிடையாது.

6. படகும் தீவும்

மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கு, 1986ல இருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம ஒண்ணுலயும் இறங்கக் கூடாது. கரையில யாராவது வந்து "தீவுக்கு கூட்டிட்டுப் போறேன், ஆளுக்கு இவ்வளவு"ன்னு மெதுவா கேட்டா போகாதீங்க, மாட்டினா உங்க மேலயும் கேஸ் வரும், லைஃப் ஜாக்கெட்டும் இருக்காது. முறையா போறதுன்னா குருசடை தீவுக்கு குந்துகால்ல இருந்து வனத்துறை படகு. காத்து பலமா இருந்தா நிறுத்திருவாங்க, அதனால முதல் நாளே கேட்டு வச்சுக்கிட்டு கிளம்புங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது காரங்காடு. தேவிபட்டினத்துல இருந்து தொண்டி போற கிழக்கு கடற்கரைச் சாலையில பிரிஞ்சு உள்ள போகணும். வனத்துறையும் அந்த ஊர் மீனவக் குடும்பங்களும் சேந்து நடத்துறாங்க. அலையாத்திக் காட்டுக்கு நடுவுல படகு போகும்போது மோட்டார நிறுத்திட்டு துடுப்பு போட்டாரு அந்த அண்ணன், வேர் எல்லாம் சேத்துக்குள்ள இருந்து விரல் மாதிரி மேல நீட்டிட்டு நிக்குது, அதுக்கு நடுவுல சின்ன நண்டு ஓடுற சத்தம்கூட கேட்டுச்சு. காலைல எட்டு மணிக்குள்ள போய்ச் சேந்துருங்க, பறவை இருக்கும், வெயில் இருக்காது. சாப்பாடு வேணும்னா போன உடனே சொல்லிருங்க, நீங்க படகுல போயிட்டு வர்றதுக்குள்ள நண்டும் இறாலும் சமைச்சு வச்சிருப்பாங்க.

7. மீன் சாப்பாடு: இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க

ராமேஸ்வரம் கோயிலச் சுத்தி பெரும்பாலும் சைவம்தான், நல்லாவும் இருக்கும். மீன் வேணும்னா தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம்னு வெளிய வரணும். இல்லன்னா தனுஷ்கோடி ஓலைக்கொட்டகை. கோயில் வாசல்ல நின்னு மீன் கடை தேடி ஒரு மணி நேரம் அலைஞ்ச குடும்பத்த நானே பாத்திருக்கேன்.

எந்த நாள்ல மீன் நல்லா இருக்கும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலைல கரைக்கு வரும். அப்ப செவ்வாய், வியாழன், ஞாயிறு மத்தியானம் கடையில பச்சை மீன். மத்த நாள்ல நாட்டுப்படகு மீன் வரும், அளவு கம்மி, ருசி அதிகம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒண்ணும் போகாது. உங்க சொந்தக்காரங்க எல்லாம் லீவுன்னு வர்றதும் அப்பதான். அந்த ரெண்டு மாசமும் விலை ஏறும், சில கடையில வெளியூர் ஐஸ் மீன்தான் இருக்கும், நாட்டுப்படகு மீனான்னு கேட்டு வாங்குங்க. மீனவங்க கைதாகி வேலைநிறுத்தம் நடக்குற நாள்லயும் இதே நிலைமைதான்.

ஓலைக்கொட்டகைல சாப்பிடுறப்ப ஒரே ஒரு விதி: மீன கையில எடுத்துக் காட்டச் சொல்லி, இந்த மீன் பொரிச்சுக் கொடுக்க எவ்வளவுன்னு கேட்டுட்டு, அப்புறம் எண்ணெயில போடச் சொல்லுங்க. நாங்க அப்படிக் கேக்காம நாலு பேர் சாப்பிட்டு 1,800 ரூபாய் கொடுத்துட்டு வந்தோம், பேசி வாங்கியிருந்தா பாதிகூட ஆகியிருக்காது. பேசி வாங்கினா ரொம்ப நியாயமா கொடுக்குறவங்க அங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க பிழைப்பும் அதுதான். விளைமீன், பாறை, ஊளி, கணவாய் எல்லாம் அங்க நல்லா இருக்கும். வஞ்சிரம் மட்டும்தான் மீன்னு நினைச்சுட்டு வர்றவங்க அதுக்கு கொடுக்குற காசுல ரெண்டு பேருக்கு விளைமீன் சாப்பிடலாம்.

வீட்டுல சமைக்கிறவங்களுக்கு பாம்பன் தெற்குவாடிதான். விடியக்காலைல ஏலம் நடக்கும், அது மொத்தமா எடுக்குறவங்களுக்கு, நம்ம அதுல போய் நிக்க வேண்டாம். ஏலம் எடுத்து பக்கத்துலயே கூடைய பரப்பி உக்காந்திருக்குற அக்காங்ககிட்ட வாங்கலாம். முதல் நாள் நான் வெறுமனே முழிச்சுட்டு நின்னத பாத்து ஒரு அக்கா கூப்பிட்டாங்க. "ஏம்மா, வெளியூரா? இங்க வா"ன்னு ஒரு பாறை மீன எடுத்து செவுள தூக்கி காமிச்சாங்க, ரத்தச் சிவப்பு. பக்கத்துக் கூடையில இருந்து இன்னொண்ண எடுத்து தூக்குனாங்க, செவுள் காவி கலர்ல, வழவழன்னு. "இது நேத்து மீனு. கண்ண பாரு, உள்ள போயிருச்சு. விரலால அமுக்கு, பள்ளம் விழுந்துச்சுன்னா வாங்காத"ன்னாங்க. நண்டுக்கு வேற கணக்கு, தூக்குனா கையில கனம் தெரியணும், "அமாவாசை ஒட்டி வாங்கு, பௌர்ணமிக்கு சதை இருக்காது"ன்னு சொன்னாங்க. அன்னையில இருந்து அவங்ககிட்டதான் வாங்குறேன். வெட்டித் தர்றதுக்கு தனியா காசு, அதையும் முதல்லயே கேட்டுக்கோங்க.

ஹோட்டல்ல மீன் சாப்பாடுன்னா மத்தியானம் ஒண்ணேகாலுக்குள்ள போயிருங்க. ரெண்டரைக்கு மேல குழம்பு இருக்கும், மீன் இருக்காது.

8. ரூம் போடுறது

கோயில் தேவஸ்தான விடுதி, கடற்கரைய ஒட்டி இருக்குற டிடிடிசி (தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம்) ஓட்டல், ரெண்டுக்கும் அவங்க சொந்த இணையதளத்துலயே புக் பண்ணுங்க. தேடுனா வர்ற முதல் நம்பருக்கு அட்வான்ஸ் அனுப்பாதீங்க. என் தங்கச்சி குடும்பம் அப்படி 3,000 அனுப்பிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நின்னா அந்தப் பேர்ல புக்கிங்கே இல்ல, நம்பரும் ஸ்விட்ச் ஆஃப். தனியார் லாட்ஜ்னா 24 மணி நேரக் கணக்கா, இல்ல காலைல குறிப்பிட்ட நேரத்துல காலி பண்ணணுமான்னு கேளுங்க, விடியக்காலைல ட்ரெயின்ல வந்து இறங்குறவங்களுக்கு இதுல ஒரு நாள் வாடகை மிச்சமாகும். குளிக்கிற தண்ணி உப்பா நல்ல தண்ணியான்னும் கேட்டுருங்க, கடல்ல முங்கிட்டு வந்து உப்புத் தண்ணியில குளிச்சா பிள்ளைங்களுக்கு உடம்பு அரிக்கும்.

9. ரெண்டாவது தடவை வர்றவங்களுக்கு

ராமேஸ்வரம் பாத்தாச்சுன்னு சொல்றவங்கள ராமநாதபுரம் தெக்குப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி தர்கா, ஒரே நாள்ல காருல முடியும். உத்தரகோசமங்கைய தனியா வையுங்க, மரகத நடராஜர் மேல வருஷம் பூரா சந்தனக்காப்பு, மார்கழி திருவாதிரைக்கு மட்டும்தான் களைவாங்க. தேவிபட்டினம் நவபாஷாணம் காரங்காடு போற அன்னைக்கே வழியில பாத்துரலாம்.

கீழக்கரைல மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுட்டு, தொதல் வாங்காம வந்துராதீங்க. தேங்காய்ப்பால்ல மணிக்கணக்கா கிண்டி எடுக்குற அல்வா, கருப்பா பளபளன்னு எண்ணெய் கசியும். வெட்டி வச்சத விட தாம்பாளத்துல இருந்து உங்க கண்ணு முன்னாடி வெட்டித் தர்ற கடைய பாத்து வாங்குங்க.

10. ஊருக்கு வாங்கிட்டுப் போறது

சங்கு, பாசி மாலைக் கடை கோயிலச் சுத்தி நிறைய. அதுல பவளப்பாறை, கடல்குதிரை மாதிரி எதையாவது காட்டினா தொடாதீங்க, அது வன உயிரினச் சட்டத்துல தடை, கடல் அட்டையும் அப்படித்தான், வச்சிருந்தாலே கேஸ். கரையில ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டுதானேன்னு பிள்ளைங்க பையில போட்டாலும் எடுத்து அங்கயே போட்டுருங்க.

கருவாடு வாங்குனா காஞ்சு விறைப்பா இருக்கணும், வளைஞ்சா ஈரம் இருக்கு, ரெண்டு நாள்ல புழு வச்சுரும். பேப்பர்ல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மூடி போட்ட டப்பாவுல வையுங்க, ட்ரெயின்ல பக்கத்து சீட்டுக்காரங்களுக்கும் நிம்மதி. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ல புவிசார் குறியீடு வாங்கினது, மாசி, பங்குனில புதுசு வரும்போது ஒரு கிலோ வாங்கி வெயில்ல காய வச்சா வருஷத்துக்கு வரும். கருப்பட்டிக்கு சாயல்குடி பக்கம், அங்க போக முடியலன்னா ராமநாதபுரம் சந்தை. ஒரு துண்ட உடைச்சு வாயில போட்டுப் பாருங்க, வெறும் இனிப்பா மட்டும் இருந்தா சீனி கலந்திருக்கு, நல்ல கருப்பட்டின்னா இனிப்போட லேசா ஒரு உப்புக் கரிப்பு நாக்குல நிக்கும்.